மூன்று கிழமை

பங்காருபாளையம்
2 செப்டம்பர் 2024

மதிப்புக்குரிய வேங்கடலக்ஷ்மி அம்மாவுக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் வீட்டிலும் யாருக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் தவமலர். உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. பிப்ரவரி பதினான்காம் தேதி சென்னையில் விசா அதிகாரி என்னை நேர்காணல் செய்தபோது மொழிபெயர்த்தவர் நீங்கள். ஏசி குளிருக்கு நான் நடுங்கியதைப் பார்த்து உங்கள் சால்வையை எனக்குத் தந்தீர்கள்.

நான் வவுனியாவைச் சேர்ந்தவள். 2008இல் மூன்று வயது மகள் சங்கவியைத் தூக்கிக்கொண்டு படகில் வந்து இறங்கினேன். குடியாத்தம் பக்கத்து அகதி முகாமில்தான் இன்றும் என் பதிவு. அனுமதி வாங்கி, இங்கே ஆந்திராவில் கமலம்மா என்பவர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தையல் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவேன். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பியும் அவன் நண்பர்கள் நான்கு பேரும் பொறுப்பேற்று, எனக்கும் மகளுக்கும் அகதி விசா கேட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி மறுத்துவிட்டார்கள். நான் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினேனாம். நம்பத் தக்கவள் அல்லவாம். அதிகாரியின் குறிப்பும் கூட வந்தது. தம்பி அதை போனில் வாசித்தான். வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

என் கணவர் யோகராசாவை 2007இல் ராணுவம் முதல் தடவை பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி அன்று கேட்டார்கள். நான் சொன்னது இதுதான்: "மூண்டு கிழமை வச்சிருந்தவை. பேந்துதான் விட்டவை." அதிகாரியின் குறிப்பில் "மூன்று நாள்" என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியது மூன்று வாரம். முரண் என்று அவர் சொன்னது அதைத்தான்.

அம்மா, எங்கள் ஊரில் கிழமை என்றால் வாரம்.

அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போக அறுபது நாள்தான் தவணை. அக்டோபர் 11ஆம் தேதியோடு முடிகிறது. நான் சொன்ன சொல் கிழமைதான் என்று நீங்கள் ஒரு காகிதத்தில் எழுதித் தந்தால் போதும் என்கிறார் அங்குள்ள வக்கீல். நேர்காணலில் கேட்ட உங்கள் பெயரைச் சொன்னதும் விலாசத்தைத் தந்தது கமலம்மாவின் மகள் பிரியங்கா. உங்கள் கல்லூரியில் உங்களிடம் இங்கிலீஷ் படித்தவள். போன் நம்பரும் தந்தாள். போனில் கேட்டால் நான் அழுதுவிடுவேன், உங்களுக்கும் சங்கடம் என்று கடிதமாக எழுதுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தவமலர்


திருப்பதி
11 செப்டம்பர் 2024

திருமதி தவமலர் அவர்களுக்கு,

பெருமாள் அனுக்கிரகத்தில் இங்கே அனைவரும் க்ஷேமம். தங்களுக்கும் தங்கள் பெண்ணுக்கும் தேக ஆரோக்கியம் நன்றாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது வருத்தம் தருகிறது. ஆனால் நான் மொழிபெயர்க்கும் நேர்காணல்களில் கலந்துகொண்டவர்களோடு எந்தவிதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று, என்னை இந்த வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்கு விரோதம்.

ஆறு வருடங்களில் எத்தனையோ அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொருவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவில் நிற்பதில்லை. எடுக்கும் குறிப்புகளை அன்றே கிழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆகவே தாங்கள் கேட்பதை என்னால் உறுதிப்படுத்த இயலாது. மன்னிக்கவும்.

நல்லதே நடக்கும் என்று நம்புங்கள்.

இப்படிக்கு,
வேங்கடலக்ஷ்மி ரகுராம்


பங்காருபாளையம்
18 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். சங்கவிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேறிவிட்டாள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை. உங்கள் மேல் பழி போடவும் இல்லை. உங்கள் ஊரில் கிழமை என்றால் நாள் மட்டும்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பதினாறு வருடம் இங்கே இருந்தும், பயம் வந்தால் வாய் ஊர்ப் பேச்சுக்குப் போய்விடுகிறது. நேற்று சங்கவியிடமே கேட்டுப் பார்த்தேன், மூண்டு கிழமை என்றால் எவ்வளவு என்று. மூணு நாள்தானே என்றாள். என் வயிற்றில் பிறந்தவளுக்கே அப்படித்தான் விளங்குகிறது. உங்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆனால் மூன்று நாளுக்கும் மூன்று கிழமைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தவள். மூன்று நாள் என்றால் விசாரித்து அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது என் கணவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நீதிமன்றம் எல்லாவற்றையும் விசாரிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். முடிவு சரியா பிழையா என்று அவர்கள் பார்ப்பதில்லையாம். முடிவெடுத்த விதம் நியாயமா என்று மட்டும் பார்ப்பார்களாம். அப்படிப் பார்ப்பதற்கும் முதலில் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டுமாம். அனுமதி தராவிட்டால் ஏன் என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு மேல் அப்பீலும் இல்லை. தம்பி இதைச் சொன்னபோது கமலம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தார். விவரம் கேட்டுவிட்டு, "தப்பா சரியான்னு பாக்க மாட்டாங்களா? அப்ப இன்னாத்துக்கும்மா கோர்ட்டு?" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மிச்சம் நீங்கள்தான்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
தவமலர்


பங்காருபாளையம்
7 அக்டோபர் 2024

அம்மாவுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் இடம் தரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இன்னும் நான்கு நாள்தான். உங்கள் காகிதம் இல்லாமலே மனுவைப் போட்டுவிடுகிறேன் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

தபால்காரரைத் தினம் கேட்கிறேன். அவர் இப்போது நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

தவமலர்


திருப்பதி
3 நவம்பர் 2024

அன்புள்ள தவமலருக்கு,

உனக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். ஒருமையில் எழுதுகிறேன், உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள் என்று உன் விண்ணப்பத்தில் பார்த்த ஞாபகம்.

நாற்பத்தைந்து நாள் பேசாமல் இருந்துவிட்டேன். முதல் கடிதத்தில் எனக்கு நினைவில்லை என்று எழுதினேன். அது நிஜமில்லை. நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கிழமை என்றுதான் சொன்னாய். நான் நாள் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்கிற கணக்கில் என் வாய் அதைத் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அந்த அதிகாரி, "சொன்ன கால அளவு உறுதிதானா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "ஓம், உறுதி" என்றாய். அப்போது நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். சரியாகச் சொல்கிறேனா என்று குழந்தைகள் டீச்சரைப் பார்ப்பது போல. அந்தப் பார்வைதான் இத்தனை நாளும் என்னைப் படுத்துகிறது.

என் அகத்துக்காரர் திருமலையில் கைங்கரியம் செய்கிறவர். வாழ்நாளில் ஒரு கோர்ட்டு கச்சேரி வாசல் மிதித்ததில்லை. "நீ வேணும்னு பண்ணலையே, எதுக்குத் தலையைக் குடுக்கறே?" என்றார். இதைக் காரணமாகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். போன வாரம் அவரிடம், அந்தப் பெண் சொன்னதை நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன், அவளைப் பொய்க்காரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் எப்படி மனசாரச் சாப்பிடுவது என்று கேட்டேன். மறுநாள் அவரே என்னோடு நோட்டரியிடம் வந்தார்.

சத்தியம் செய்த பத்திரம் இத்துடன் இருக்கிறது. உடனே அனுப்பு. எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அதில் எழுதியிருக்கிறேன். எப்படி அவ்வளவு நிச்சயம் என்று இப்போது கேட்காதே.

உன் நன்மையை வேண்டும்,
வேங்கடலக்ஷ்மி


பங்காருபாளையம்
25 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்றே எழுதுகிறேன். சுகமா? இங்கே மழை விட்டபாடில்லை. தையல் மெஷினை நனையாத மூலை பார்த்து நகர்த்திக்கொண்டே இருக்கிறேன். உங்களோடு நோட்டரியிடம் வந்த அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பத்திரம் போய்ச் சேர்ந்தது. அரசாங்கத்து வக்கீல் பதிலும் போட்டுவிட்டார். தம்பி வரி வரியாகச் சொன்னான்.

நேர்காணல் முடிந்ததும், மொழிபெயர்ப்பாளர் சொன்னதெல்லாம் விளங்கியது என்று நான் கையெழுத்து வைத்தேனாம். வைத்தேன்தான். நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னது எல்லாம் விளங்கியது. நீங்கள் அவருக்கு இங்கிலீஷில் சொன்னது எனக்கு எப்படி விளங்கும்? பிழை இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவள் என்றால் எனக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

அதிகாரி எனக்குச் சந்தர்ப்பம் கொடுத்தாராம். உறுதியா என்று கேட்டாராம். கையில் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, "இதில் மூன்று வாரம் என்று இருக்கிறதே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். அதைக் கேட்கவில்லை. எங்கே முரண் என்று சொல்லாமல் உறுதியா என்று கேட்டால், உண்மை சொன்னவள் உறுதி என்றுதானே சொல்வாள்?

எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் பத்திரம். அதிகாரி முடிவெடுத்தபோது அது அவர் முன்னால் இல்லையாம். அவர் முன்னால் இல்லாத காகிதத்தை நீதிமன்றம் பார்க்கக் கூடாதாம். பிழை நடந்ததே முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். முடிவுக்கு முன்பே அதற்குச் சாட்சி எங்கிருந்து வரும்?

நீங்கள் நினைவிலிருந்து சொல்வதை நம்ப முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அக்கா, உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். குறிப்பைக் கிழிக்க வேண்டும் என்பது விதி என்று எழுதியிருந்தீர்கள். கிழித்தேன் என்று எழுதவில்லை.

காத்திருக்கும்,
தவமலர்


திருப்பதி
9 டிசம்பர் 2024

அன்புள்ள தவமலருக்கு,

இருவரும் மழையில் நனையாமல், உடம்புக்கு வராமல் இருங்கள்.

நீ வாசித்தது சரிதான். கிழிக்கவில்லை. ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. முப்பது வருடம் பரீட்சைத் தாள்களைப் பத்திரப்படுத்திய கை இது, எழுதினதைக் கிழிக்க வரவில்லை. ஆறு வருடத்து நோட்டுகள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. உன் முதல் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்துவிட்டேன். பென்சிலில், என் கையெழுத்தில், "3 கிழமை" என்று இருக்கிறது. பார்த்த பிறகுதான் நினைவில்லை என்று உனக்கு எழுதினேன். நோட்டு இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். இதை இதற்குமேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தின் நகலை நோட்டரி முத்திரையோடு அனுப்புகிறேன். இது நேர்காணல் நடந்த அறையிலேயே, அந்த அதிகாரிக்கு இரண்டடி தள்ளி எழுதப்பட்டது. இதையும் அவர் முன்னால் இல்லாத காகிதம் என்று சொல்வார்களா, பார்ப்போம்.

ஆசீர்வாதத்துடன்,
வேங்கடலக்ஷ்மி


பங்காருபாளையம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

நேற்று உத்தரவு வந்தது. ஒரே வரி. "அனுமதி கோரும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது." அதற்கு மேலே என் பெயர், கீழே நீதிபதியின் பெயர். என் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை.

உங்கள் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தார்களா என்று தெரியாது. பத்திரத்தை வாசித்தார்களா என்று தெரியாது. நான் பொய் சொன்னேன் என்று நினைத்தார்களா, சொல்லவில்லை என்று நினைத்தார்களா, அதுவும் தெரியாது. கமலம்மா ஓடி வந்து, "இன்னா சொன்னாரு ஜட்ஜி?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. "ஒண்ணுமே சொல்லாம எப்டிமா இல்லைன்னுவாங்க? ரேஷன் கடையிலகூட எதனா ஒரு காரணம் சொல்லித்தானே திருப்பி அனுப்புறான்" என்றார்.

என்னை நம்பாமல் போனதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். பதினாறு வருடமாக ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் அதைத் தாங்கியிருக்கிறேன். ஆனால் பிழை எது என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இரண்டு பக்கத்து வக்கீலுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருந்தும், திருத்தும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லை. அதிகாரி கோப்பை மூடிவிட்டாராம். நீதிமன்றம் உள்ளே பார்க்காதாம். அப்படியானால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

தவமலர்


திருப்பதி
6 மார்ச் 2025

அன்புள்ள தவமலருக்கு,

க்ஷேமம் விசாரிக்கிற நிலையில் நீயும் இல்லை, நானும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அந்த வரியை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். "தள்ளுபடி செய்யப்படுகிறது." செயப்பாட்டு வினை. செய்தவர் யார் என்று சொல்ல விருப்பமில்லாதபோது இப்படி எழுதலாம் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை இப்படி ஒருத்தி தலையில் போடுவார்கள் என்று நினைத்ததில்லை.

விசா அலுவலகத்துக்கு நேராகவே எழுதினேன், பிழை என்னுடையது என்று. கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. ஏஜென்சிக்கும் எழுதினேன். அவர்கள் என்னைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். தப்பாக மொழிபெயர்த்ததற்காக இல்லை. நோட்டுகளைக் கிழிக்காமல் வைத்திருந்ததற்காக. தப்புக்குத் தண்டனை இல்லை தவமலர், தப்புக்குச் சாட்சி வைத்திருந்ததற்குத்தான் தண்டனை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரில் நான் பேசாமல் இருந்ததற்கு வேலை பற்றிய பயம் மட்டும் காரணமில்லை. உன் பக்கத்தைப் பார்த்த பிறகு மற்ற நோட்டுகளையும் புரட்டினேன். உங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அதில் உன்னைச் சேர்த்து நான்கு பேர், மூன்று கிழமை என்பது போல ஓர் எண்ணைச் சேர்த்துக் கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேருக்கும் நான் நாள் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வேறு அர்த்தம் தெரியாதே. உனக்குப் பத்திரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன பதில் என்ற பயத்தில்தான் அந்த நாற்பத்தைந்து நாளும் போயின.

மற்ற மூன்று பேர் பெயரையும் தனிக் காகிதத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இது நான் செய்து கொடுத்த சத்தியத்துக்கு விரோதம். பரவாயில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியலாம்.

வேங்கடலக்ஷ்மி


பங்காருபாளையம்
11 ஏப்ரல் 2025

வேங்கடலக்ஷ்மி அக்காவுக்கு,

சங்கவி உங்களைக் கேட்டாள். நான் சுகம்.

ஒரு மாதம் உங்களுக்கு எழுதக் கூடாது என்றே இருந்தேன். உங்கள் மேல் பழி இல்லை, குறை இல்லை என்று முன்பு எழுதினேன். அது பொய். செப்டம்பரிலேயே அந்த நோட்டுப் பக்கம் உங்கள் கையில் இருந்திருக்கிறது. அறுபது நாள் முடிவதற்குள் அது போயிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா, தெரியாது. வக்கீல் மாறியிருக்காது என்கிறார். ஆனால் மாறியிருக்குமோ என்று நான் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பேன். அதை எனக்குக் கொடுத்தது நீதிமன்றம் இல்லை, நீங்கள். நீங்கள் கெட்டவர் என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்லவராக இருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

எழுதிவிட்டேன். இனி வேலையைப் பார்ப்போம்.

பட்டியலில் புஷ்பகாந்தி என்று இருப்பவர் விசா கிடைத்துப் போய்விட்டார். அவருடைய அதிகாரி நாள் கணக்கைப் பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது. அதே சொல், அதே பிழை, ஒருவருக்குக் கதவு திறக்கிறது, ஒருவருக்குச் சாத்துகிறது. செல்வராணி மறுக்கப்பட்ட பிறகு ஊருக்கே திரும்பிப் போய்விட்டாராம். விலாசம் தேடிக்கொண்டிருக்கிறேன். நாகேந்திரம் என்பவர் தடாவில் பெயின்ட் வேலை செய்கிறார் என்று முகாமில் சொன்னார்கள். மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். இதை போனில் சொல்ல முடியாது.

அண்ணனுக்கு வணக்கம்.

தவமலர்


பங்காருபாளையம்
24 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மாங்கூழ் ஆலையில் வேலைக்குப் போகிறேன், கையெல்லாம் மாம்பழ வாசம். காகிதத்திலும் ஒட்டியிருக்கும். உங்களுக்கு முழங்கால் வலி என்று பிரியங்கா சொன்னாள், பார்த்து நடங்கள்.

எங்கள் விஷயம் முதலில். தம்பி புதிதாக விண்ணப்பம் போடலாம் என்றான். பொறுப்பேற்ற ஐந்து பேரில் மூவர்தான் இப்போது மிச்சம். வேறு ஆள் சேர்த்து, விண்ணப்பம் போட்டு, முடிவு வர நாலைந்து வருடம் ஆகுமாம். அதற்குள் சங்கவிக்கு வயது கடந்துவிடும், என்னோடு அவளைச் சேர்க்க முடியாது. "நீ போம்மா, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்கிறாள். அவளை விட்டுவிட்டு எனக்கு எந்த நாடும் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆகவே இனி விண்ணப்பம் இல்லை.

தடாவுக்குப் போனேன். நாகேந்திரம் அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். கீழே இறங்கி வந்து, நான் சொல்லச் சொல்லக் கையிலிருந்த பெயின்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குடும்பத்தோடு ஆறு கிழமை காட்டுக்குள் ஒளிந்திருந்ததை 2022இல் நேர்காணலில் சொல்லியிருக்கிறார். முரணாகப் பேசினார் என்றுதான் அவருக்கும் மறுப்பு வந்தது. எந்த இடத்தில் முரண் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதிகாரியின் குறிப்பைக் கேட்டு வாங்கலாம் என்றே தெரியாதாம்.

அவர் மனைவி சிவபாக்கியம், அன்று அவர் குடித்துவிட்டுப் போய் உளறியிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார். பிள்ளைகளின் வழியை அடைத்தவர் இவர்தான் என்று மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதலில் இவர் சத்தியம் செய்து பார்த்திருக்கிறார். பிறகு விட்டுவிட்டார். என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, அவள் சொல்லிச் சொல்லி, நான்தான் ஏதோ மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு நானே நம்பிட்டன்."

வழக்கெல்லாம் போட முடியாது, தவணை என்றைக்கோ போய்விட்டது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றுதான். நீங்கள் ஒரு காகிதம் எழுதித் தர வேண்டுமாம். இங்கிலீஷ் வேண்டாம், முத்திரை வேண்டாம். தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். அவர் மனைவி கண்ணாடி இல்லாமல் வாசிக்க வேண்டும்.

உங்கள்,
தவமலர்


திருப்பதி
1 ஜூலை 2025

திருமதி சிவபாக்கியம் அவர்களுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. 2022 மார்ச் மாதம் உங்கள் கணவர் நாகேந்திரம் விசா அதிகாரியிடம் பேசியபோது அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னவள் நான். எங்களுக்கு நடுவே ஒரு மேஜைதான் இருந்தது. அவர் குடித்திருக்கவில்லை. நிதானமாக இருந்தார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பிள்ளைகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆறு கிழமை என்று அவர் சரியாகத்தான் சொன்னார். அதை ஆறு நாள் என்று மாற்றிச் சொன்னது நான். அந்தச் சொல்லுக்கு உங்கள் ஊர் அர்த்தம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. அவர் அப்போது எழுதிக் கொடுத்ததும் சரி, வாயால் சொன்னதும் சரி. நடுவில் இருந்த நான்தான் பிழை.

இதைத் திருத்தும் இடம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கடிதம் அங்கே போயிருக்கும். தவமலரும் நானும் தட்டாத கதவில்லை. மூடிய கோப்பைத் திறக்க மாட்டோம் என்று ஒருவர் சொன்னார், எங்களுக்கு அதிகாரமில்லை என்று இன்னொருவர் சொன்னார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். கேட்க மாட்டேன் என்று நீங்களும் சொல்லலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. உளறவும் இல்லை.

இப்படிக்கு,
வேங்கடலக்ஷ்மி